எடுக்காத பொட்டலம்

எதிர்வீட்டம்மா எந்த முடிவையும் தானாக எடுத்ததில்லை. பூக்கட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்.

கல்யாணப் பேச்சு, நிலம் வாங்குவது போன்ற பெரிய காரியங்களுக்குப் பூக்கட்டிப் பார்ப்பவர்களை மயிலாப்பூரில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த அம்மா மிக்ஸி மாற்றுவதற்கும் கட்டுவார். வாழையிலைத் துண்டு இரண்டு எடுத்து, ஒன்றில் வெள்ளை அரளியும் மற்றதில் செவ்வரளியும் வைத்து, ஒரே அளவாக மடித்து நூல் சுற்றுவார். பூஜை அலமாரியில் இருக்கும் பித்தளைப் பிள்ளையார் முன்னால் தட்டில் போட்டுக் குலுக்குவார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. வேலைக்கு வரும் அம்மாவிடம் வீட்டுச் சாவி கொடுப்பது, கண்புரை ஆபரேஷனைத் தை மாதத்துக்குத் தள்ளுவது, மாடித் தொட்டியில் கறிவேப்பிலை வைப்பது எல்லாமே அந்தத் தட்டில் தீர்மானமானவைதான்.

அதற்கு அவர் வைத்திருந்த விதிகள் இரண்டு. பொட்டலம் எடுப்பவருக்குக் கேள்வி என்னவென்று தெரியக்கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக்கூடாது. அன்றைக்கே கீழே வேப்பமரத்தடியில் போட்டுவிட வேண்டும். ஒன்று வெள்ளை என்றால் மற்றது சிவப்பு, இதில் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரிஞ்சது வேற, பாத்தது வேற சார்" என்றார்.

எடுப்பதற்கு யார் கை கிடைத்தாலும் போதும். சிலிண்டர் கொண்டுவருபவர், கூரியர்க்காரர், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் என்று நான் எண்ணிய வரையில் பதினொரு பேர் எங்கள் மாடியில் பொட்டலம் எடுத்திருக்கிறார்கள். நான் மட்டும் எடுத்ததில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் புள்ளிவிவரத் துறையில் இருந்தவன். இரண்டில் ஒன்று என்றால் பாதிக்குப் பாதி, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்று தெரியும். தெரிந்தும் கை நீளாது. என் கையால் சிவப்பு வந்து, அதனால் ஒரு வீட்டில் ஏதாவது நின்றுபோனால்?

தெற்கு மாடவீதியில் அவர் பூ வாங்கும் அம்மாவுக்கு இதில் தீராத குறை. என்னைப் பார்த்தால் பிடித்துக்கொள்வார். "இன்னா நைனா, உங்க எதிர்வூட்டம்மா இன்னிக்கும் ஒரு வெள்ள ஒரு சேப்புதான் கேக்குது. மொழமா வாங்கச் சொல்லு நைனா. சாமியே கடுப்பாயிடும்."

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் போடலாமா என்று எட்டு வீட்டுக்காரர்களும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் பாட்டுக்கு வீட்டுக்குள் போய்ப் பூக்கட்டி, தண்ணீர் கேன் கொண்டுவந்தவரை எடுக்கச் சொல்லி, வெள்ளை வந்தது என்று கூட்டத்தில் வந்து கையைத் தூக்கினார். லிஃப்ட் வந்தது. வந்த வாரமே இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே அவரேதான். இழுத்து வெளியே எடுத்தபோது ஒருவர் பிள்ளையாரைப் பற்றிக் கிண்டலாக விசாரித்தார். "போடலாமான்னுதான் கேட்டேன். நிக்காம ஓடுமான்னு கேக்கலையே" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பிள்ளையார் மேல் குறையே கிடையாது. கேட்ட கேள்விக்கு அவர் சரியாகப் பதில் சொல்லிவிட்டார். கேட்கத் தெரியாதது நம் தப்பு.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்து ஆபரேட்டர் குரல் இத்தனை வருடத்துக்குப் பிறகும் போகவில்லை. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன். மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவன் அங்கேயே ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நம் காலைக் காப்பி நேரத்துக்குப் போன் செய்வான். நானும் மனைவி போன பிறகு தனியாக இருப்பவன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பேன். அவர் ஸ்பீக்கரில் பேசுவது கேட்கும். சாப்பிட்டியா என்று ஆரம்பித்து, குலுக்கல் என்னாச்சு என்று முடியும்.

அந்தக் குலுக்கலை எனக்கு விளக்கியதும் அவர்தான். படித்து முடித்தவர்கள் கொஞ்ச காலம் வேலை பார்க்கலாம். அதற்குள் வேலை விசா வாங்கிவிட வேண்டும். கேட்பவர்கள் அதிகம், இருப்பது கொஞ்சம் என்பதால் பெயர்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் குலுக்குகிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை. அவர் மகனுக்கு மூன்று வாய்ப்பு. முதல் வருடம் விழவில்லை. இரண்டாவது வருடமும் விழவில்லை.

"யாரு சார் எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

யாரும் எடுப்பதில்லை, கம்ப்யூட்டரே எடுக்கிறது என்றேன்.

"அதுக்குக் கேள்வி தெரியாதில்ல?"

தெரியாது என்றேன்.

"அப்ப ஒழுங்காத்தான் நடக்குது" என்று தலையாட்டினார். இரண்டு முறை மகன் பெயரைத் தள்ளிவிட்ட குலுக்கலை அப்படி மதிக்க அவரால்தான் முடியும்.

மூன்றாவது முறை விழுந்தது. எட்டு வீட்டுக்கும் லட்டு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கதவருகில் நின்று, யாருக்கோ கேட்டுவிடப் போவதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார். "விழுமான்னுதான் சார் கேட்டிருந்தேன். விழுந்துருச்சு. விசா வருமான்னு கேக்கல. இப்ப கேக்கவும் பயமா இருக்கு."

அந்தப் பயம் வீணில்லை. குலுக்கலில் விழுவது வரிசையில் நிற்க இடம் கிடைப்பது மாதிரிதான். அதற்குப் பிறகு கம்பெனி விண்ணப்பம் போட்டு, அதை அங்கேயுள்ள குடியேற்றத் துறை பரிசீலித்து, ஒப்புக்கொள்ள வேண்டும். மாதங்கள் போயின. பதில் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பேப்பரில் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. வெளியிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்காகக் கம்பெனி பெருந்தொகை கட்ட வேண்டும் என்றார்கள். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். பிறகு குலுக்கலையே மாற்றப்போவதாகச் செய்தி வந்தது. அதிகச் சம்பளக்காரர்களின் பெயரைப் பலமுறை போடுவார்கள், குறைந்த சம்பளக்காரர்களின் பெயர் ஒரே முறை.

நான் படித்துக் காட்டினேன். படித்துக் காட்டியிருக்க வேண்டாம். அவர் முகம் மாறிப்போயிற்று. "ஒரே தட்டுல வெள்ளப் பொட்டலம் நாலு, சேப்பு ஒண்ணா? அது எப்படி சார் குலுக்கல் ஆகும்? கேள்வி தெரிஞ்சு எடுக்கற மாதிரில்ல ஆச்சு" என்றார். அவர் மகனுக்கு ஆரம்பநிலைச் சம்பளம். கையிலிருக்கும் இந்த விண்ணப்பம் போய்விட்டால் அடுத்த குலுக்கல் புது முறையில்தான் நடக்கும். அதில் அவன் பெயர் ஒரு முறைதான்.

அதன்பிறகு அவர் காலைப் போனில் குலுக்கல் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட்டியா, குளிரா, அவ்வளவுதான். பேசி முடித்ததும் ஸ்பீக்கரை அணைக்க மறந்து, போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். நான் பேப்பரில் அமெரிக்கா என்று வரும் பக்கத்தை மடித்து உள்ளே வைத்துவிடப் பழகிக்கொண்டேன். எனக்கும் அதைப் படிக்க மனம் வரவில்லை. யாருடைய பிள்ளையோ. எங்கள் குடியிருப்பில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள் இப்படி வெளியில் இருக்கிறார்கள். சாயங்காலம் தெருவில் நின்று எண்ணினால் எரிகிற சன்னலைவிட எரியாத சன்னல்தான் அதிகம்.

இதற்கு நடுவில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தேர்நாளில் கூட்டத்தில் முண்டியடித்துப் போகிறவர், கறிகாய்ப் பையுடன் வாசல் கேட்டில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வார். நான் விடாமல் நச்சரித்ததில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். மகன் எங்கே இருக்கிறான் என்றும் கேட்டார். எதிர்வீட்டம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆட்டோ லஸ் முனையில் சிக்னலுக்கு நின்றபோது, "அவன் இப்ப கிளம்பி வந்தா என்ன சார் ஆகும்?" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது அந்த நாட்டைவிட்டு வெளியே வந்தால், அங்கே இருந்தபடியே விசா மாற்றிக்கொள்வதைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு இங்கே தூதரகத்தில் முத்திரைக்கு வரிசையில் நிற்க வேண்டும். நேர்காணலுக்குத் தேதி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெருந்தொகையும் அவன் தலையில் வந்து விழலாம். சின்னக் கம்பெனி, கட்டாது.

"அதாவது வந்தா போக முடியாது."

போக முடியாமல் போகலாம் என்றேன். கடனும் இருக்கிறது அவனுக்கு, படிப்புக்கு வாங்கியது.

மறுநாள் சாயங்காலம் என் கதவைத் தட்டினார். "ஒரு நிமிஷம் வாங்க சார். எடுக்க ஆளில்ல."

என் சங்கடம் அவருக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை. போனேன். பிள்ளையார் முன்னால் தட்டில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். கேள்வியைச் சொன்னார்.

"எனக்கு ஆபரேஷன்னு அவனுக்குச் சொல்லாம விட்டுரலாமான்னு கேட்டிருக்கேன். வெள்ளை வந்தா சொல்ல வேணாம்."

கேள்வி தெரிந்தவர் எடுக்கக்கூடாதே என்றேன்.

"இதுக்குப் பரவால்ல." பிள்ளையாரைப் பார்த்தபடியே, என் பக்கம் திரும்பாமல் பேசினார். "அவன் அமெரிக்கா போறேன்னப்போ போட்டேன் சார். அவங்கப்பா இருந்தாரு அப்ப. போலாமான்னு கேட்டேன். சேப்பு வந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் ஹால்ல பெட்டிய எடை போட்டுட்டு சிரிச்சிட்டு இருக்காங்க. நான் போய் வெள்ளைன்னு சொல்லிட்டேன். இது வரைக்கும் யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷம் குலுக்கல்ல விழாதப்பல்லாம் நினைச்சுப்பேன், இது என்னாலதான்னு."

தட்டில் கை வைத்தேன். வலப்பக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். நூலைப் பிரித்தார். வெள்ளை.

அவர் முகத்தில் நிம்மதியும் இல்லை, வருத்தமும் இல்லை. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேலூரில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்து, கையெழுத்துப் போட நீதான் வர வேண்டும் என்றார். மகனிடம், தங்கையோடு ராமேஸ்வரம் போவதாகவும் அங்கே சிக்னல் சரியாக இருக்காது என்றும் ஆபரேட்டர் குரலில் சொன்னார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் தங்கையோடு காரில் ஏறும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். விளக்கேற்றுங்கள், அந்தப் பொட்டலத்தை மரத்தடியில் போட்டுவிடுங்கள் என்றார். எடுக்காத பொட்டலத்தை அன்றைக்கே போட்டுவிடுகிறவர், அதை அப்படியே தட்டில் விட்டு வைத்திருந்தார்.

மறுநாள் காலை விளக்கை ஏற்றிவிட்டுத் தட்டைப் பார்த்தேன். வாழையிலை காய்ந்து சுருங்கி, மடிப்பில் வெடித்திருந்தது. நான் பிரிக்கவில்லை. பிரிக்கத் தேவையிருக்கவில்லை. வெடிப்பு வழியாக ஓர் இதழ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓரம் பழுப்பேறியிருந்தாலும், செவ்வரளி எத்தனை வாடினாலும் அந்த நிறத்துக்கு வராது. அதுவும் வெள்ளைதான்.

இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டியிருந்தார். வாழ்நாளெல்லாம் பூவிடம் கேட்டவர், இந்த ஒரு முறை கேட்கவில்லை. கேட்கப் பயந்திருக்கிறார்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது என் போன் அடித்தது. அவர் மகன்.

"அங்கிள், அம்மா போன் எடுக்கல. ராமேஸ்வரம்னாங்க. நெஜமாவே போயிருக்காங்களா?"

போயிருக்கிறார் என்றேன். அந்த நேரத்தில் அவரை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க அங்கிள், பயந்துருவாங்க. விசாவுக்கு இன்னும் டாக்குமெண்ட் கேட்டு லெட்டர் வந்திருக்கு. ஆபீஸ்லயும் ஆளக் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு. தெனமும் ஒரு ரூல் சொல்றாங்க. வண்டிய நிறுத்திட்டு ஸ்டீயரிங்கப் புடிச்சுட்டு உக்காந்திருக்கேன் அங்கிள். எல்லாத்தையும் விட்டுட்டு வந்துரலாமான்னு இருக்கு."

வா என்ற சொல் வாய்வரை வந்தது. அவன் அம்மாவின் நெஞ்சைத் திறக்கும் நேரம். வந்தால் என்ன ஆகும் என்று லஸ் முனையில் எடுத்துச் சொன்னவனும் நான்தான்.

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடையாது. அம்மாவ எவ்ளோ கிண்டல் பண்ணிருக்கேன்னு உங்களுக்கே தெரியும். அவங்க வந்ததும் ஒரு தடவ பூக்கட்டிப் பாக்கச் சொல்றீங்களா? வரலாமா வேணாமான்னு. எனக்காகன்னு சொல்ல வேணாம். கேள்வியும் சொல்ல வேணாம்."

சரிப்பா என்றேன்.

அவர் பிழைத்து வந்தார். இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு தலையணை கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். குரல் பாதிதான் வந்தது. மகனிடம், ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடியதில் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லியிருந்தார்.

நான் தெற்கு மாடவீதிக்குப் போனேன். பூக்கார அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா நைனா, நீயும் ஒரு வெள்ள ஒரு சேப்பா?" இரண்டு வெள்ளை வாங்கினால் அவன் வருவான். இரண்டு சிவப்பு வாங்கினால் வரமாட்டான். ஒரு பையனின் பிழைப்பும் ஒரு தாயின் உயிரும் அந்தக் கூடையில் கிடந்தன. எனக்கு எதிர்வீட்டம்மாவின் தைரியம் கிடையாது. ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு என்றேன்.

தெரிந்த பையன் ஒருவனுக்காகப் பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

"உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா சார்?" என்று சிரிக்கப் பார்த்து, தலையணையை இறுக்கிக்கொண்டார். "கேள்வியச் சொல்லிராதீங்க. நல்ல பையனா?"

நல்ல பையன்தான் என்றேன்.

"அப்பப் பிள்ளையார் பாத்துப்பாரு."

தங்கை கட்டிக் கொடுத்தார். குலுக்கியது நான். எனக்குக் கேள்வி தெரியும் என்பதால் நான் எடுக்கக்கூடாது. அந்தம்மா தானே கையை நீட்டினார். இத்தனை வருடம் கேள்வி கேட்டவர் தன் கையால் பொட்டலம் எடுத்தது அன்றைக்குத்தான். நூலைப் பிரிக்க விரலில் பலமில்லை. பல்லால் கடித்துப் பிரித்தார்.

சிவப்பு.

"வேணாம்னு வருது சார். பாவம், என்ன ஆசைப்பட்டானோ. சொல்லிருங்க, கேட்டு நடந்துக்கட்டும். நான் ஒரு தடவ கேக்காம விட்டுப் படற பாடு போதும்" என்றார்.

போகாதே என்றதும் சிவப்பு. வராதே என்றதும் சிவப்பு. மகனிடம் அன்றே சொன்னேன். சரி அங்கிள் என்றான்.

இப்போது எதிர்வீடு பூட்டியிருக்கிறது. அந்த அம்மா வேலூரில் தங்கை வீட்டில் இருக்கிறார். விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. நான் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிறேன்.

அன்றைக்கு எடுக்காத பொட்டலத்தை என்னிடம்தான் கொடுத்தார். கடையில் நானே வாங்கிய பூ. உள்ளே இருப்பது வெள்ளை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேப்பமரத்தடிக்குப் போகும்வரை உள்ளங்கைக்குள் மூடியே வைத்திருந்தேன். குனிந்து, இலை வெடித்துவிடாமல் மெதுவாக வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.